நாட்குறிப்பில் பழகிய மொழி

சேலம் நகருக்குக் கிழக்கே அமைந்த ஊர் அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்றது. அத்தகைய ஊர்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவருள் சிலர், கணக்கையும் வரலாற்றையும் அஞ்சாது எழுதுவர். ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுக என்றாலோ, எழுதுகோலைக் கையில் ஏந்தியவாறே வாளா இருப்பர். பிழை நேர்ந்தால் பிறர் நகைப்பரே என்னும் நாணம் அவர்தம் கையைத் தடுக்கின்றது.

இந்நாணத்தைக் காந்தியடிகளும் அறிந்திருந்தார். உயர்நிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு முதல் அவர்க்குப் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. அவர் பெரிதும் இடர்ப்பட்டார். தாய்மொழியாகிய குசராத்தியில் கற்பித்திருந்தால், நான்கு ஆண்டுகளில் கற்ற கணிதம் முதலியவற்றை ஓராண்டில் எளிதாகக் கற்றிருக்கலாம் என்று 1938-ஆம் ஆண்டு 'அரிஜன்' இதழில் எழுதினார். ஆங்கிலத்தைக் கற்றவரே அதன் சுமையையும் உணர்ந்து கூறியது கருதத்தக்கது.

1888-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றார். உடன் வந்தோர் பேசுவது அவர்க்கு எளிதில் விளங்கவில்லை. விளங்கிய போதும், ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துள் முன்னரே அமைத்துக்கொண்டுதான் வாய் திறக்க வேண்டியிருந்தது. ஆயினும், இலண்டன் சேர்ந்து சில வாரமே ஆன நிலையில், அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாளிட்டு, ஆங்கிலத்திலேயே ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அப்போது அவர்க்கு வயது பத்தொன்பது. புறப்படும் எண்ணம் தோன்றிய வகை, உற்றார் தடுத்த வகை, கடற்பயணம் ஆகியவற்றை அதில் எழுதினார். ஏறத்தாழ 120 பக்கம் கொண்ட அக்குறிப்பில், உறவினர் சகன்லால் காந்தி படியெடுத்து வைத்த இருபது பக்கமளவே இன்று கிடைக்கின்றது.

நாட்குறிப்புக்கு ஆசிரியர் தலைப்புத் தருவதில்லை. மதிப்பெண் இடுவாரும் இல்லை. தாம் கண்டதையே எழுதுவதால் பொருளுக்கு அலைய வேண்டுவதில்லை. சொல்லை மட்டும் தேடினால் போதும். கப்பலின் படுக்கையறையைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு அதற்குரிய சொல் வேண்டும். வேண்டித் தேடிய சொல் மனத்தில் தங்கும். மனப்பாடம் செய்த சொற்பட்டியலோ தேர்வு முடிந்ததும் அகன்றுவிடுகின்றது.

1891-ஆம் ஆண்டு, மரக்கறி உணவாளர் நடத்திய இலண்டன் வார இதழில், இந்திய உணவையும் திருவிழாக்களையும் பற்றி அவர் கட்டுரைகள் எழுதினார். அவ்வாண்டு சூன் மாதம் நண்பர்க்கு அளித்த பிரிவு விருந்திலோ, முதல் வாக்கியத்திற்கு மேல் பேச இயலாமல் அமர்ந்துவிட்டார். கை பழகிய அளவுக்கு நா பழகவில்லை போலும்!

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் 1903-ஆம் ஆண்டு 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் தோன்றியது. தொடக்கத்தில் அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. சிறையில் இருந்த காலம் நீங்கலாக, 1914 வரை அவர் கட்டுரை இல்லாத இதழ் அரிது. படித்தோர் மடல்கள் வரைந்தனர். சில நட்பு மடல்கள், சில குறைகூறுவன, சில கசப்பானவை. அவற்றையெல்லாம் ஆராய்ந்து விடையிறுத்தார். சிந்தியாது ஒரு சொல்லும் எழுதாத அடக்கத்தை அவ்விதழே தமக்குக் கற்பித்தது என்பது அவர் கருத்து.

இவ்வளவு பழகியும், தம் வாழ்க்கை வரலாற்றை அவர் குசராத்தியிலேயே எழுதினார். அதனை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பைத் திருத்தித் தந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். தமிழ்நாட்டில் பிறந்து, ஒருகாலத்தில் சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆசிரியராய்ப் பணியாற்றியவர். ஆங்கிலச் சொல்வன்மையால் உலகம் போற்ற வாழ்ந்தவர். அடிகளுக்குப் பத்து நாள் முன்னர், 1869 செப்டம்பர் 22-இல் பிறந்தவர். அது பற்றி அடிகள் அவரைத் தமையனார் என்றே கொண்டாடினார். அரசியலில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு மிகுதி. எனினும் எழுத்தைத் திருத்தக் கொடுக்க அவர் நாணவில்லை. திருத்தியவரோ, தம் பெயரை வெளியிடலாகாது என்று கேட்டுக்கொண்டார். ஆதலால், 1940-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலப் புலமை மிக்க மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் என்று மட்டுமே தேசாய் குறித்தார்.