‘நைட் விட்ச்சஸ்’ விளையாட்டை நடத்துவதும் ஜான்சி ராணிப் படைக்கு மாற்றி அமைப்பதும்

ஜேசன் மார்னிங்ஸ்டார் வடிவமைத்து, அமெரிக்காவின் புல்லி பல்பிட் கேம்ஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘நைட் விட்ச்சஸ்’, இரண்டாம் உலகப் போரில் சோவியத் விமானப்படையின் 588-ஆம் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த பெண்களைப் பற்றிய மேசைக் கதை விளையாட்டாகும். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அவள் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லிச் சொல்லியே ஆட்டத்தை நகர்த்துவதும், முடிவு எப்படியும் ஆகலாம் என்னும் இடத்தில் மட்டும் பகடை உருட்டுவதும் இவ்வகை விளையாட்டின் இயல்பு. கதைமாந்தர்களைச் சுற்றியுள்ள உலகத்தையும் மேலதிகாரிகளையும் எதிரியையும் ஏற்றுப் பேசுபவர் ஆட்ட நடத்துநர் எனப்படுவார். விதிநூலைப் படித்தவர் எவரும் இதனை நடத்தத் தொடங்கிவிடலாம் என்றாலும், பெரும்பாலோர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. அது கீழே விரிவாக வரும்.

முதற்படி, வரலாற்றை அளவோடு அறிந்துகொள்வது. 1941 அக்டோபரில் பெண்களுக்கென மூன்று வான்படைப் பிரிவுகளை அமைக்க ஆணை பிறந்ததும், அதற்குக் காரணமாயிருந்த விமானி மரினா ரஸ்கோவா வோல்கா ஆற்றங்கரை எங்கெல்ஸ் நகரில் பயிற்சியை நடத்தியதும், 588-ஆம் பிரிவு யெவ்தோகியா பெர்ஷான்ஸ்காயாவின் தலைமையில் 1942 கோடையில் களமிறங்கியதும் தெரிந்தால் போதும். அவர்கள் ஓட்டிய போ-2, மரமும் துணியும் கொண்டு கட்டிய, மேல் மூடியற்ற, இருவர் அமரும் இருதள இறக்கை விமானம். அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டரே. இலக்கை நெருங்கும்போது இயந்திரத்தை அடக்கிவிட்டுச் சறுக்கி வந்து குண்டு போடுவதும், ஒரே இரவில் பலமுறை சென்று மீள்வதும், 1944 வரை பாராசூட் இன்றியே பறந்ததும் ஆட்டத்தில் அடிக்கடி பயன்படும் செய்திகள். இதற்கு மேல் படிப்பது நடத்துநரை வகுப்பாசிரியராக்கிவிடும்.

ஆட நால்வர், நடத்த ஒருவர் என்பதே சரியான எண்ணிக்கை. நால்வர் என்றால் இரண்டு விமானங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விமானி, ஒரு வழிகாட்டி. ஒரே விமானத்தில் பறப்போரை அருகருகே உட்கார வைக்க வேண்டும். தாள், பென்சில், இரண்டு ஆறுமுகப் பகடைகள் போக வேறெதுவும் வேண்டியதில்லை. பின்னணி இசை கூடவே கூடாது.

பகடைக் கணக்கை நடத்துநர் மனத்தில் நிறுத்திக்கொள்வது நன்று. இரு பகடைகளின் கூட்டலோடு கதைமாந்தரின் தகுதிப்புள்ளி ஒன்றைச் சேர்க்க, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுவெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் நடத்துநர் கையோங்கும் தோல்வி என்பது விதி. தகுதிப்புள்ளி 1 உள்ளவளுக்கு, நிகழக்கூடிய 36 சேர்க்கைகளில் 10 முழுவெற்றியும் 10 தோல்வியும் 16 நடுத்தர முடிவும் ஆகின்றன. ஆகவே விலை கொடுக்கும் வெற்றிதான் மேசையில் அதிகம் நிகழப்போவது. என்ன விலை கேட்பது என்பதை முன்கூட்டியே யோசித்து, ஏழெட்டு விலைகளையாவது ஒரு தாளில் எழுதி வைத்திராத நடத்துநர் பாதி இரவில் ‘விமானம் சேதமடைந்தது’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இனிச் சிக்கலான படி. இவ்விளையாட்டு பகல், இரவு என இரண்டாகப் பிரிந்தது. இரவில் பறத்தல், பகலில் முகாம் வாழ்க்கை. பகலில் கதைமாந்தர்கள் எதையாவது தேடித் திரட்டியும், ஒருவரையொருவர் தேற்றியும், அதிகாரிகளிடம் வாதாடியும் சில புள்ளிகளைப் பொதுவில் சேர்க்கிறார்கள். அந்தப் பொது இருப்பே அன்றிரவு பகடை பொய்க்கும்போது கூட்டிக்கொள்ள உதவுவது. புதிய நடத்துநர்கள் விமானம் ஏறும் ஆவலில் பகலை அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அதனால் ஆட்டம் இரண்டு வகையாகக் கெடும்: இருப்பில் புள்ளி இல்லாததால் இரவில் சாவு மலிவாகிறது, செத்தவள் யார் என்று எவருக்கும் தெரியாததால் அந்தச் சாவுக்குப் பொருளும் இல்லாமல் போகிறது. ஆட்ட நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பகலுக்கே உரியது என்று வகுத்துக்கொள்ள வேண்டும்.

பகலை நீட்டச் சொன்னவுடன் எழும் கேள்வி, அதில் என்ன செய்வது என்பதாகும். ஆளுக்கொரு காட்சி கொடுத்து, ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்று கேட்பது சோம்பேறி வழி. எதிரே இருப்பவர் விழிப்பார். மாறாக, ஒரு குறையை மேசையில் வைத்து, அது யாரிடம் உள்ளது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். ஆண்களுக்கென்று தைத்த பெரிய பூட்சுகள் மட்டுமே வந்திருக்கின்றன. சின்ன அளவு ஒன்று பக்கத்து ஆண்கள் படைப்பிரிவின் கிடங்கில் இருக்கிறது. கிடங்குக்காரன் பெண் விமானிகளைக் கேலி பேசியவன். இந்த மூன்று வாக்கியம் ஒரு மணி நேரத்தை ஓட்டும். வெளிச்சக் குண்டின் சிறிய பாராசூட் துணியை வெட்டி உள்ளாடை தைத்துக்கொண்டதற்காக இப்படைப்பிரிவில் இரு பெண்கள் இராணுவ விசாரணைக்கு உள்ளானதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியில் குறை, ஆசை, சட்டம் மூன்றும் ஒரே துணியில் இருப்பதால், பகற்காட்சிக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது.

சேர்த்த ஒவ்வொரு புள்ளியையும் வெறும் எண்ணாக விடாமல் ஒரு பொருளின் பெயரால் எழுதி வைப்பது குறுக்குவழி போலத் தோன்றினாலும் மிகப் பயனுள்ள பழக்கம். ‘3’ என்பதற்குப் பதிலாக ‘கிடங்குக்காரன் தந்த கம்பளிக் கையுறை, நல்ல வரைபடம், நேற்றைய சண்டைக்குப் பின் செய்துகொண்ட சமாதானம்’ என்று எழுதியிருந்தால், இரவில் புள்ளியைச் செலவிடும் ஆட்டக்காரர் எதைச் செலவிட்டார் என்பதைத் தாமே சொல்லிவிடுவார்; நடத்துநருக்கு வேலை மிச்சம்.

இரவு தன்னால் நடக்கும். வழி கண்டுபிடித்தல், தாக்குதல், தரையிறங்கல் என்ற வரிசையை மாற்றாமல், வர்ணனையைக் குறைத்துக்கொண்டு வேகமாகச் செல்ல வேண்டும்.

மரணத்தைப் பற்றி முதல் நாளே பேசிவிடுவது அவசியம். கதைமாந்தர் இறந்தால் அவரை ஆடியவர் அடுத்த பகலில் புதிதாக வந்து சேர்ந்த ஒருத்தியாகத் தொடர்கிறார்; இறந்தவளின் கட்டில் அவளுக்குக் கிடைக்கிறது. பாலியல் வன்முறை, சித்திரவதை போன்றவை மேசைக்கே வரக்கூடாதா, நடந்ததாகச் சொல்லிக் கடந்துவிடலாமா என்பதை ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நடுவில் எவரேனும் ஓர் அட்டையைத் தொட்டால் காரணம் கேளாமல் அக்காட்சியை விட்டுவிடும் எக்ஸ்-அட்டை முறையும் இருக்கட்டும். கிண்டல் செய்பவர்கள் இதைத்தான் முதலில் கிண்டல் செய்வார்கள். அத்தகையோரை அழைக்காமலிருப்பதே எளிது.

இவ்வளவும் கைவந்த பிறகே மாற்றி அமைத்தலைத் தொடங்கலாம். தமிழ் ஆட்டக்காரர்களுக்கு மிக அருகில் உள்ள களம், 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பகுதியாக அமைத்த பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை. சென்னையிலிருந்து சென்று சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தளபதி. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அதில் பலர். எல்லோரும் முதலில் செய்வது, விமானத்தை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை வைப்பது. இது வரலாற்றோடு முரண்படும், ஏனெனில் போர்முனைக்குச் செல்லும் எதிர்பார்ப்போடு பர்மாவுக்குச் சென்ற அப்பெண்கள், 1944-இல் இம்பால் படையெடுப்பு தோற்றுப் பின்வாங்கியதால், திட்டமிட்ட தாக்குதல் எதிலும் இறங்கவில்லை. ஆட்டமாகவும் தோற்கும், ஏனெனில் காத்திருக்க நேர்ந்தவர்களின் கதையை வெற்றிக் கதையாக்கினால் அவர்களுடைய மெய்யான கஷ்டம் மறைந்துபோகும்.

காப்பாற்ற வேண்டியது பகலில் சேர்த்து இரவில் செலவிடும் அந்தப் பொறியமைப்பை, விமானத்தை அன்று. ஆகவே அப்பெண்கள் உண்மையில் ஆபத்தைச் சந்தித்த இடம் எது என்று கேட்டு, அங்கே இரவை வைக்க வேண்டும். கதை நிகழும் நான்கு நிலையங்கள் போதும்: சிங்கப்பூர்ப் பயிற்சி முகாம், இரங்கூன், மேமியோ மருத்துவமனை, 1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டுப் பாங்காக் நோக்கிய பின்வாங்கல். சிங்கப்பூரில் இரவு என்பது காவற்பணியும் அணிவகுப்பின் அயர்ச்சியுமாக ஆபத்தின்றி இருக்கலாம். விதிகளைக் கற்க அது உதவும். மேமியோவில் இரவு என்பது காயம்பட்டோர் வந்து இறங்கும் இரவு. அதற்கான விதியை இவ்வாறு எழுதலாம்: வண்டி வந்து நிற்கும்போது பகடை உருட்டுக, 10 அல்லது அதற்கு மேல் என்றால் விடியும்வரை எவரும் சாகவில்லை, 7 முதல் 9 என்றால், ஒரு நோயாளியை இழப்பது, இருப்பிலிருந்து இரு பொருளைத் தீர்ப்பது, தானே காய்ச்சலில் விழுவது ஆகிய மூன்றில் ஒன்றை ஆட்டக்காரரே தேர்க, 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் விமானச் சத்தம் கேட்கிறது. இருப்புப் பொருள்கள் கொயினா மாத்திரை, கட்டுத்துணி, மண்ணெண்ணெய், அரிசி என்றிருக்க வேண்டும். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அப்படையெடுப்பில் எத்தனை பேரைச் சாய்த்தன என்பது ஆட்டக்காரர்களுக்கு விரிவுரை இன்றியே விளங்கிவிடும்.

கடைசி நிலையத்தில் அமைப்பையே தலைகீழாக்க வேண்டும். நேசநாட்டு விமானங்களுக்கு அஞ்சி இரவில் நடந்து பகலில் மறைந்திருந்த பயணம் அது. எனவே பகலில் இருப்புச் சேர்க்க எதுவுமில்லை, மேமியோவில் மிச்சம் பிடித்ததையே செலவிட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மூன்று நிலையங்களாகச் சிக்கனம் பழகிய ஆட்டக்காரர்கள் இங்கேதான் பயன் காண்பார்கள். பின்வாங்கிய ஒரு குழு வந்த இரயில் தாக்கப்பட்டு இருவர் உயிரிழந்தது மெய்யான நிகழ்ச்சி. அவர்களுடைய பெயர்களைக் கதைமாந்தருக்கு இடலாகாது. லட்சுமியும் போஸும்கூடத் தூரத்தில் தெரிய வேண்டியவர்களே. அவர்களைப் பேச வைக்கும் நடத்துநர் மேடைப்பேச்சில் சிக்கிக்கொள்வார்.

கதைமாந்தர்களை அமைக்கும்போது மூலநூலின் பறவைப் பெயர்கொண்ட இயல்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டால் போதும்: தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவளா, கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுப் பெண்ணா, நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் படித்தவளா; ஜப்பானியர் அமைத்த சயாம் மரண இரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் குடும்பத்தில் யார்; வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளா. முதற்கேள்வியே பாதிப் பகற்காட்சிகளைத் தந்துவிடும், ஏனெனில் தோட்டத்தில் ‘அம்மா’ என்று மரியாதையாக அழைத்த கிராணி மகளை முகாமில் பெயர் சொல்லி அழைக்க வேண்டிவரும் தருணமும், அவள் பதிலுக்கு ‘அக்கா’ என்னும் தருணமும் ஒரே சாப்பாட்டு வரிசையில் நிகழ்ந்துவிடக்கூடும். அணிவகுப்புக் கட்டளைகள் இந்துஸ்தானியில் இருந்தமையால், கட்டளை புரியாதவளுக்குப் பக்கத்திலிருப்பவள் தமிழில் முணுமுணுப்பதை ஒரு பகற்செயலாகவே விதியில் சேர்க்கலாம். சோவியத் ஆட்டத்தில் அரசியல் அதிகாரியின் சந்தேகம் அமர்ந்திருந்த நாற்காலியில் இங்கே ஜப்பானியத் தொடர்பு அமைப்பான ஹிகாரி கிகானின் அதிகாரி அமர்வார். பெண்கள் படையை நம்பாதவர், ஆயுதமும் வாகனமும் தரத் தயங்குபவர், ஆனால் கொடூரனாகக் காட்டத் தேவையில்லாதவர்.

மூலவிளையாட்டில் கதைமாந்தர்கள் அனுபவங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்து, கடைசிக் குறியில் சாவை எதிர்கொள்கிறார்கள். 588-ஆம் பிரிவில் முப்பது பேருக்கு மேல் இறந்தமையால் அது அங்கே பொருந்தும். ராணிப் படைக்கு அது மிகை. இங்கே கடைசிக் குறி ‘வீடு திரும்புதல்’ என்றிருக்கட்டும். சீருடையைக் கழற்றியவளிடம் வாசலில் நிற்பவர் கேட்கும் முதற்கேள்வி என்ன என்பதை நடத்துநர் சொல்லாமல், எதிரே அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர் ஒருவரைச் சொல்ல வைக்க வேண்டும்.

புதிதாக எழுதிய விதி எதையும் நேராக மேசைக்குக் கொண்டுவரலாகாது. தனியே அமர்ந்து, மருத்துவமனை இரவை இருபது முறை உருட்டிப் பார்த்து, இருப்பு ஐந்து பொருளோடு தொடங்கினால் எத்தனை இரவு தாக்குப்பிடிக்கிறது என்று எண்ண வேண்டும். இரண்டாம் இரவிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டால் இழப்பை ஒரு பொருளாகக் குறைக்க வேண்டும். ஐந்தாம் இரவிலும் மிச்சமிருந்தால் பகலில் சேர்க்கும் வழிகளில் ஒன்றை அடைக்க வேண்டும்.