கேம் டிஸ்க் வாங்கினால் அது உங்களுடையதா?

கேம் கன்சோல் என்பது டிவியுடன் இணைத்து கேம் விளையாடுவதற்கென்றே தயாரிக்கப்படும் கம்ப்யூட்டர். 2013 மே 21 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்தியது. அதை 24 மணி நேரத்திற்கு ஒரு முறையாவது இன்டர்நெட்டில் இணைக்க வேண்டும், இல்லையேல் கேம்கள் இயங்காது என்றார்கள். விளையாடி முடித்த டிஸ்க்கை மற்றவருக்குக் கொடுக்கவும் விற்கவும் கட்டுப்பாடு வைத்தார்கள்.

கேம் பிரியர்கள் கொதித்துப் போனார்கள். ஜூன் 10 அன்று, பிளேஸ்டேஷன் 4-ல் இந்தத் தொல்லைகள் இல்லை என்று சோனி அறிவித்ததும் அரங்கமே கைதட்டியது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் இரண்டு நிபந்தனைகளையும் கைவிட்டது.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மழையில் இரண்டு நாள் சிக்னல் இல்லையென்றால், காசு கொடுத்து வாங்கிய கேம் சும்மா கிடந்திருக்கும்!

பிரச்சினை முழுதும் தீரவில்லை. பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷன் டிஸ்க் டிரைவ் இல்லாமலே வருகிறது. டவுன்லோடு செய்த கேமை விற்க முடியாது. எனவே கன்சோல் வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: டிஸ்க் டிரைவ் உண்டா? நெட் இல்லாமல் கேம் ஓடுமா? முதல் முறை எத்தனை ஜிபி டவுன்லோடு செய்ய வேண்டும்?