ஆசிரியரும் ஆராய்ச்சி வினாவும்

ஆராய்ச்சி பேராசிரியர்க்கே உரியதன்று. நாடோறும் வகுப்பு நடத்தும் ஆசிரியர்க்கும் உரித்து. அமெரிக்கக் கல்வியறிஞர் ஸ்டீபன் கோரி 1953-இல் இதனை வற்புறுத்தி ஒரு நூலே இயற்றினார். ஆயின், வினா செவ்விதின் அமையாவிடில் உழைப்பு வீணாம்.

"என் மாணாக்கர் ஏன் வாய் திறப்பதில்லை?" என்று ஓராசிரியர் வினவுவதாகக் கொள்வோம். இது வினாவன்று, முறையீடு! குற்றம் மாணாக்கருடையதென முன்னரே துணிந்துவிட்டது. "என் கேள்விகள் கடினமோ?" என மாற்றின், நோக்கு ஆசிரியர்பால் திரும்பும், எனினும் கடினத்தை அளக்கும் கோல் யாது? ஆதலின், சில நாள் உடனாசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் இருத்திக் குறிப்பெடுக்கச் செய்க. (தலைமையாசிரியரை இருத்தினால் வகுப்பே வேறாகிவிடும்.) கேள்வி கேட்டவர் தாமே விரைந்து விடையுங் கூறிவிடுவது அப்பொழுது புலனாகலாம்.

அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ அம்மையார், ஆசிரியர் விடைக்குக் காத்திருப்பது சராசரி ஒரு வினாடியே எனவும், அது மூன்று வினாடியாயின் விடைகள் நீளும் எனவும் 1974-இல் எழுதினார். இனி வினா இவ்வாறு உருப்பெறும்: "ஏழாம் வகுப்புப் பூகோள பாடத்தில் யான் மூன்று வினாடி பொறுப்பின், விடையிறுக்க முன்வருவோர் எத்துணையர்?" கடிகாரமும் பெயர்ப்பட்டியலும் இதற்குப் போதும். முன்வருவோர் பெருகியும் அவரெல்லாம் முன்வரிசையினரே எனின், "எத்துணையர்" என்பதை விடுத்து "எவர்" என வினவல் வேண்டும்.