ஆய்வகப் படியேறும் உனக்கு

மூளைக் கட்டியை அடக்கும் ஆர்.என்.ஏ.க்களைத்தான் ஆராயப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று மனசு நிறைந்துபோனது, கண்ணம்மா. நான் இடறிய கற்களை உனக்குக் காட்டிவிடுகிறேன்.

1. சிறியதை ஒதுக்காதே. நம் மரபணுத்தொகுதியில் புரதத்துக்கான செய்தி இருப்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில்தான். மீதியில் பெரும்பகுதி குப்பை என்று படித்தேன். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு மில்லிமீட்டர் புழுவில், புரதமாகாத குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று இன்னொரு மரபணுவை அடக்குவதைக் காட்டினார்கள். புழுவின் வினோதம் என்று கடந்துபோனேன். 2024-இல் அந்தப் புழுவுக்குத்தான் நோபல் பரிசு வந்தது.

2. கையுறை மாற்றச் சோம்பாதே. ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி நம் தோலிலேயே இருக்கிறது. ஒருநாள் கையுறையோடு நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அறுவை அரங்கிலிருந்து வந்த கட்டித் துணுக்கின் ஆர்.என்.ஏ. முழுக்கச் சிதைந்துபோயிற்று. தந்தவரிடம் போய் இன்னொன்று கேட்க முடியுமா?

3. உன் மூலக்கூறின்மேல் மையல் கொள்ளாதே. எனக்கு மிர்-34ஏ என்னும் குட்டி ஆர்.என்.ஏ. மேல் அப்படியொரு பித்து. பி53 என்னும் காவல் புரதம் தூண்ட, அது பெருகும். கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைக் கட்டியின் செல்களில் மெட், நாட்ச் போன்ற புரதங்களைக் குறைத்து, செல்களின் பெருக்கத்தைத் தடுக்கும். செல்களுக்குள் அதைக் கொட்டினேன், செத்து மிதந்தன. துள்ளிக் குதித்தேன். மூத்தவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "அர்த்தமில்லாத வரிசை ஒன்றை இதே அளவு கொட்டிப் பார்த்தாயா?" பார்த்தேன். அதிலும் பாதி செத்திருந்தன. ஒரு வருட வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். அமிர்தமானாலும் அளவு உண்டு. இதே மிர்-34ஏ-வின் நகல் 2013-இல் ஈரல் புற்று முதலியவற்றுக்கு மருந்தாக மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகச் சீறி உயிர்கள் போனதால் 2016-இல் நிறுத்தினார்கள். மூளைக்கோ, ரத்தத்திலிருந்து மருந்தைத் தடுக்கும் மதில் வேறு இருக்கிறது. ஆய்வகத் தட்டில் கண்டதை நோயாளியின் வீட்டாரிடம் நம்பிக்கையாக விற்றுவிடாதே.

4. செல்லின் பூர்வீகம் விசாரி. உலகமே பயன்படுத்திய யூ87 என்னும் மூளைக் கட்டி செல்கள், மூல நோயாளியின் கட்டியோடு பொருந்தவில்லை என்று 2016-இல் தெரியவந்தது. அதைச் சொன்னது, அவற்றை முதலில் வளர்த்த உப்சாலா பல்கலைக்கழகமேதான். அந்த நேர்மையை நான் வணங்குகிறேன்.

5. வார்டுக்குப் போய்வா. கிளையோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மருந்தைச் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆனது என்று 2005-இல் படித்து, இவ்வளவுதானா என்று நினைத்தவன் நான். பிறகொரு நாள், கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மா ஆய்வக வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பேத்தி நடை பழகினதைப் பார்த்துட்டுத்தான் போனார், ஐயா."