அடுப்படியில் கற்ற பாடம்

மாட்டிறைச்சி என்றாலே நெடுநேரம் வேக வேண்டும் என எண்ணுகிறோம். மெல்லிய நறுக்கும் நல்ல சூடும் இருந்தால் அடுப்பில் 10 நிமிடம் போதும்.

எலும்பில்லாத இளங்கறி கால் கிலோவைச் சவ்வு நீக்கி, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லியதாக அரிய வேண்டும். நீண்ட நார் துண்டுபடுவதால் கறி மிருதுவாகும். உப்பு, மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது சேர்த்துப் பிசற வேண்டும். இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்கு காய்ந்தபின், கறியைச் சிறிது சிறிதாகப் போட்டுச் சிவக்க வதக்கி எடுக்க வேண்டும். அதே சட்டியில் கேரட், கோஸ், குடைமிளகாயை 3 நிமிடம் கிளறி, கறியைச் சேர்த்து இறக்கலாம்.

முதன்முறை, வேலையிலிருந்து அம்மா வருமுன் முடிக்கும் அவசரத்தில், தங்கையும் நானுமாக எல்லாக் கறியையும் ஒன்றாகக் கொட்டிவிட்டோம். சட்டியின் சூடு தணிந்தது. கறி நீர் விட்டுத் தோலாய் இறுகியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மென்று சாப்பிட்டார்கள். எங்களுக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. மறுவாரம் மூன்று தடவையாக வதக்கினோம். அம்மா இன்னொரு கரண்டி கேட்டார்கள்!

இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும். அதிகம் வேகாத காய்களில் வைட்டமின் சி மிஞ்சும். காய்களின் இரும்புச்சத்து உடலில் சேர அது துணைசெய்யும். இரத்தசோகைக்கு எளிதில் ஆளாகும் பெண்களாகிய நமக்கு இது ஏற்ற உணவு. களைத்து வரும் அம்மாவுக்கும் ஒரு மாலை ஓய்வு கிடைக்கும். நீங்களும் செய்து பாருங்கள்!