ஆல்பர்ட்டா எண்ணெய் மணலில் வேலை தேடுவோருக்கு

எண்ணெய் மணலில் வேலை என்றதும் ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்பது அந்தப் பெரிய லாரியைப் பற்றித்தான். ஒரே நடையில் ஏறத்தாழ 400 டன் சுமக்கும் லாரி, ஓட்டத் தெரிந்தால் போதும், கை நிறையச் சம்பளம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் 2018இல் சன்கோர் நிறுவனம் ஓட்டுநர் இல்லாமலே இயங்கும் லாரிகளை 150க்கு மேல் இறக்கப்போவதாக அறிவித்தது. அதனால் சுமார் 400 ஓட்டுநர் இடங்கள் குறையும் என்பதும் அப்போதே வெளியே வந்தது. லாரியை மனதில் வைத்துக்கொண்டு கனடாவுக்குக் கிளம்பாதீர்கள்.

பத்திரிகைகளில் வரும் படங்களெல்லாம் ஆல்பர்ட்டாவின் ஃபோர்ட் மெக்மரி நகருக்கு வடக்கே உள்ள திறந்தவெளிச் சுரங்கங்கள். முதல் பெரிய சுரங்கம் அங்கே 1967இல் தொடங்கியது. ஆனால் வெட்டி எடுக்கும் ஆழத்தில் கிடப்பது மொத்த இருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் இன்னும் கீழே இருக்கிறது. அதை எடுக்க, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுமார் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறுகளைப் படுக்கைவாட்டில் துளைக்கிறார்கள். மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்தினால், மணலில் இருக்கும் பிட்டுமென் என்னும் கெட்டி எண்ணெய் சூட்டில் இளகிக் கீழ்க் கிணற்றுக்குள் வடிகிறது. ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க இரண்டு, மூன்று பீப்பாய் தண்ணீரையாவது நீராவியாக்க வேண்டும். ஆகவே, இப்படிப்பட்ட ஆலைக்குள் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி கொதிகலன்களும், எண்ணெயோடு வந்த தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப அனுப்பும் தொட்டிகளும் குழாய்களும்தான்.

தமிழ்நாட்டில் ஓர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன் நான். இங்குள்ள கொதிகலனுக்கு டிரம் கிடையாது. உள்ளே போகும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் நீராவியாகும், மிச்சம் உப்பைச் சுமந்துகொண்டு தண்ணீராகவே வெளியே வரும். அது ஒன்றுதான் எனக்குப் புதிது. பம்ப், வால்வு, ஃபீட் வாட்டர், பர்னர் எல்லாம் பழகியவை. நெய்வேலியிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ கொதிகலன் பார்த்தவர்களுக்கு, சர்க்கரை ஆலையிலும் காகித ஆலையிலும் நீராவியோடு பழகியவர்களுக்கு இங்கே இடம் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். “எண்ணெய்த் துறையில் எனக்கு அனுபவமே இல்லையே அண்ணா” என்று தயங்கும் தம்பிகளிடம், “நீ நீராவித் துறையில் இருக்கிறாய், அதைச் சொல்” என்பேன்.

ஆனால் ஊர்ச் சான்றிதழை நீட்டினால் கதவு திறக்காது. ஆல்பர்ட்டாவில் கொதிகலனை இயக்கத் தனி உரிமம் வேண்டும். பவர் இன்ஜினியரிங் டிக்கெட் என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் தொடங்கி முதல் வகுப்பு வரை போகும், தேர்வுகளை நடத்துவது ஆப்சா என்னும் அமைப்பு. ஆலையில் ஆபரேட்டராக நுழைய நான்காம் வகுப்பாவது கேட்பார்கள், மூன்றாம் வகுப்பு இருந்தால் கை ஓங்கும். பொறியியல் பட்டம் இருக்கிறதே, இந்தச் சின்னத் தேர்வை ஏன் எழுத வேண்டும் என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் விண்ணப்பம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பார்கள். பட்டத்தோடு பொறியாளராகவே வேலை பார்க்க வேண்டுமானால் அபேகா என்னும் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அது தனிப் பாதை, அந்த வேலைகளில் பலவும் கால்கரி அலுவலகங்களில் இருக்கின்றன. ஆலைக்குள் நிற்க டிக்கெட்தான்.

தேர்வை எழுதிவிடலாம். பலர் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த இடத்தில். தேர்வோடு, உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் ஓடும் கொதிகலனில் இத்தனை காலம் வேலை பார்த்தேன் என்றும் காட்ட வேண்டும். அதை ஸ்டீம் டைம் என்கிறார்கள். ஸ்டீம் டைம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் ஸ்டீம் டைம் சேராது. இந்த முடிச்சை அவிழ்க்க நான் கண்டவரை நல்ல வழி, எண்ணெய் மணலை விட்டுச் சற்று விலகித் தேடுவது. எட்மண்டனிலும் கால்கரியிலும் மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், மதுபான ஆலைகள், இறைச்சி ஆலைகள் பலவற்றில் கொதிகலன் அறை உண்டு. சம்பளம் குறைவு, இரவு ஷிப்ட் அதிகம், ஆனால் காலம் கணக்கில் ஏறும். இளையவர்களாக இருந்தால் ஃபோர்ட் மெக்மரியின் கியானோ கல்லூரி, எட்மண்டனின் நெயிட், கால்கரியின் செயிட் ஆகியவற்றில் பவர் இன்ஜினியரிங் படிப்பில் சேரலாம். சேரும் முன் ஸ்டீம் டைமுக்குக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற எந்தக் கேள்வியையும்விட அது முக்கியம்.

வெல்டர், எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், மில்ரைட் போன்ற தொழில் தெரிந்தவர்களுக்கு வேறு வழி. ரெட் சீல் முத்திரை பெற்றால் கனடா முழுக்கச் செல்லும். அவர்களுக்கு வாசல் பெரும்பாலும் ஷட்டவுன். ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தி, திறந்து, பழுது பார்த்து மூடும் சில வாரங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இது அதிகம் நடக்கும், ஒப்பந்த நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும். தொழில் கைவசம் இல்லாதவர்கள்கூட அப்போது தீ மூளாமல் கவனிக்கும் ஃபயர் வாட்ச், அல்லது ஹோல் வாட்ச் வேலைக்குப் போகலாம். ஹோல் வாட்ச் என்பவர், தொட்டிக்குள் ஆள் இறங்கியிருக்கும்போது வாயிலில் நின்று அவரைக் கண்காணிப்பவர். நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்கும் வேலை என்று அதை யாரும் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. உள்ளே இருப்பவரின் உயிர் அவர் கண்ணில் இருக்கிறது. அங்கே கவனமாக நின்றவரை அடுத்த ஷட்டவுனுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

எந்த வேலையானாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பற்றிய ஒருநாள் பயிற்சி பெரும்பாலும் கட்டாயம், அதன் சான்று மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஆலைக்குள் விடும் முன் போதைப்பொருள் சோதனையும் உண்டு. 2018 முதல் கஞ்சா கனடாவில் சட்டப்படி கிடைக்கிறது என்பதை நம்பிச் சோதனையில் தோற்றவர்கள் இருக்கிறார்கள். கடையில் விற்பது வேறு, ஆலையின் விதி வேறு. வண்டி ஓட்டிய பதிவேட்டையும் கேட்பார்கள், அபராதங்கள் குவிந்திருந்தால் அங்கேயே பின்தங்கிவிடுவீர்கள்.

பணம் கட்டினால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆல்பர்ட்டாவில் வேலை வாங்கித்தர வேலை தேடுபவரிடம் முகவர் கட்டணம் வாங்குவது சட்ட விரோதம். வெளிநாட்டவரை எடுக்க முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையையும் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, வேலைக் கடிதம் உண்மையா என்று என்னிடம் கேட்டு அனுப்புகிறார்கள். கட்டுவதற்கு முன் கேட்டிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

வந்த பிறகு வாழ்க்கை, ஆலையை ஒட்டிய தொழிலாளர் கேம்பில். பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு, அல்லது ஏழுக்கு ஏழு, தினமும் பன்னிரண்டு மணி நேரம். பனிக்காலத்தில் மைனஸ் 40 வரை இறங்கும். சாப்பாடும் அறையும் கொடுப்பார்கள், குறை சொல்ல முடியாது. குடும்பத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும் முதலிலேயே மனைவியோடு பேசி முடிவு செய்யுங்கள். எட்மண்டனில் வைத்தால் பள்ளி, கோயில், தமிழர்கள் எல்லாம் உண்டு, நீங்கள் மட்டும் வந்து போவீர்கள். ஃபோர்ட் மெக்மரியில் வைத்தால் சில ஆலைகளிலிருந்து தினமும் பேருந்தில் வீடு திரும்பலாம். ஆனால் 2016 மே மாதக் காட்டுத்தீயில் 80,000க்கு மேற்பட்டோர் ஒரே நெடுஞ்சாலையை நம்பி வெளியேறிய ஊர் அது. அங்கே வீடு வாங்கினால் காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சம்பளம் நல்ல சம்பளம்தான். அதை நம்பிப் பெரிய கடன் வாங்குவதைத்தான் நான் தடுப்பேன். 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலரைத் தாண்டி விற்றது, 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது, 2020 ஏப்ரலில் ஒரு நாள் அமெரிக்கச் சந்தையில் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. ஒவ்வொரு முறையும் முதலில் நின்றது புதுக் கட்டுமானம், அடுத்து ஒப்பந்த ஆட்கள். ஓடும் ஆலையை நிறுத்துவது கடினம் என்பதால் ஆபரேட்டர்களும் பராமரிப்பு ஆட்களும் ஓரளவு தப்பித்தார்கள். 2018 தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்த ஃபோர்ட் ஹில்ஸ் சுரங்கத்துக்குப் பிறகு புதிதாகப் பெரிய சுரங்கம் எதுவும் எழவில்லை. கட்டும் காலம் போய் ஓட்டும் காலம் நடக்கிறது, வேலையும் அதற்கேற்பத் தேடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் சேரும் வரை புது வண்டி வேண்டாம்.

கிளம்பும் முன் ஊரிலேயே முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய நிறுவனத்திடமிருந்து அனுபவக் கடிதம் வாங்கும்போது, “நன்றாகப் பணியாற்றினார்” என்ற ஒற்றை வரியோடு திரும்பாதீர்கள். எந்த இயந்திரம், என்ன கொள்ளளவு, என்ன அழுத்தம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்பதெல்லாம் நிறுவனத் தாளில், கையெழுத்தும் தொடர்பு எண்ணும் சேர்த்து வேண்டும். தொழில் தேர்வுக்கும் உரிமத்துக்கும் இங்கே இந்த விவரங்களைத்தான் கேட்கிறார்கள். உங்கள் மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டால் அதை எழுதித்தர ஆள் கிடைப்பது கடினம். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.