சாலையும் சங்கமும்

காலை ஐந்து மணி. வடாலாவில் விடியும் முன்பே வண்டிச் சத்தம் தொடங்கிவிடும். லாரி முனையத்திலிருந்து லாரிகள் கிளம்பும். அதே நேரத்தில் இட்லி விற்பவர்களும் கிளம்புவார்கள். சைக்கிளின் பின்னால் இட்லிப் பாத்திரம். சட்னிக்கு ஒரு தூக்கு. கைப்பிடியில் ரப்பர் ஹாரன். "பாம், பாம்" என்ற சத்தம் கேட்டால் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள்.

ஒரு நாள் அந்தச் சத்தம் பாதியில் நின்றது. வேகமாக வந்த ஒரு டெம்போ இட்லிக்காரரின் சைக்கிளை இடித்தது. நிற்காமல் போய்விட்டது. கால் முறிந்து அவர் சாலை ஓரத்தில் கிடந்தார். பலர் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு டாக்சிக்காரர்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அந்த வாரம் படிப்பு வட்டம் கூடியது. இட்லிக்காரரின் மனைவியும் வந்திருந்தார். லாரி டிரைவர் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, அன்னைக்கு நானும் அந்த வழியாத்தான் லாரி ஓட்டிட்டுப் போனேன். பார்த்தேன். நிறுத்தலை. போலீசு, கோர்ட்டுன்னு அலைய விடுவாங்கன்னு பயம்" என்றார்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பயம் எல்லாருக்கும் இருக்கு அண்ணே. ஆனா அவருக்கு ரத்தம் போயிட்டே இருந்துச்சே."

அறையில் அமைதி நிலவியது. ஆசிரியை ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

உதவுபவருக்குச் சட்டம் துணை

டெல்லியில் 2007ஆம் ஆண்டு ஓர் இளைஞர் விபத்தில் அடிபட்டார். உதவி கிடைக்காமல் சாலையிலேயே இறந்தார். அவருடைய உறவினர் பியூஷ் திவாரி, 2008இல் சேவ்லைஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. உதவுபவரைத் தொல்லை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது.

நல்ல எண்ணத்துடன் உதவுபவர் மீது வழக்கு வராது. பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. சாட்சி சொல்லும்படியும் வற்புறுத்தக் கூடாது. அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம். மகாராஷ்டிராவில் ஆம்புலன்சுக்கு 108.

இடித்த வண்டி எது என்று தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய். பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். எலும்பு முறிவும் பலத்த காயமே. முதலில் போலீசில் புகார் பதிவாக வேண்டும்.

"அம்பதாயிரமா? இதை யாரும் எங்களுக்குச் சொல்லலையே" என்றார் அந்தப் பெண்.

"இதையெல்லாம் சொல்லத்தானே சங்கம் இருக்கு?" என்று கேட்டார் இன்னொருவர்.

வண்டிக்காரர்களின் சங்கங்கள்

மோட்டார் வண்டி வந்த காலத்திலேயே சங்கங்களும் வந்தன. மும்பையில் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் 1919இல் தொடங்கியது. உலகச் சங்கம் இதற்கும் முந்தியது. அது 1904இல் பாரிஸ் நகரில் உருவானது. அதை எஃப்.ஐ.ஏ. என்பார்கள். பல நாட்டு மோட்டார் சங்கங்கள் அதில் சேர்ந்துள்ளன. கார் பந்தயத்துக்கு விதி செய்வதும் அதுதான். சாலைப் பாதுகாப்புப் பிரசாரமும் செய்கிறது. அதன் தலைவராக இருந்த ஜான் டோட் 2015இல் சாலைப் பாதுகாப்புக்கான ஐ.நா. சிறப்புத் தூதர் ஆனார்.

இந்தச் சங்கங்கள் முதலில் கார் வைத்திருந்தவர்களுக்காகத் தோன்றியவை. ஆனால் சாலையில் இறப்பவர்கள் யார்? இந்தியாவில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் இரு சக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் பாதிக்கு மேல்.

"காரு வெச்சிருக்கிறவங்க சங்கத்துல, சைக்கிள்ல போறவருக்காக யாரு பேசுவா?" என்று இட்லிக்காரரின் மனைவி கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்கு ஜெர்மனி நாட்டில் நடந்த ஒரு கதை பதில் சொல்லும்.

ஒரு பொய்க் கணக்கு

ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. என்ற மோட்டார் சங்கம் இருக்கிறது. 2014இல் அதற்குச் சுமார் 1 கோடியே 90 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். வழியில் வண்டி நின்றுபோனால் அதன் மஞ்சள் வண்டி வந்து உதவும். மக்கள் அந்தச் சங்கத்தை மிகவும் நம்பினார்கள்.

சங்கம் ஆண்டுதோறும் மக்களுக்குப் பிடித்த காருக்குப் பரிசு கொடுத்தது. 2014இல் வென்ற காருக்கு 34,299 வாக்குகள் விழுந்ததாகச் சொன்னது. உண்மையில் விழுந்தவை 3,409 மட்டுமே. செய்தித்தாள்கள் இதை வெளியே கொண்டுவந்தன. உயிர் காக்கும் ஹெலிகாப்டரில் நிர்வாகிகள் பயணம் செய்ததும் வெளிவந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் தலைவர் பதவி விலகினார்.

பிறகு சீர்திருத்தம் வந்தது. 2017இல் சங்கம் மூன்றாகப் பிரிந்தது. உறுப்பினர் சங்கம் தனி. வியாபாரம் தனி. அறக்கட்டளை தனி. கார்களுக்கு வேக வரம்பு வேண்டாம் என்று அது பல ஆண்டுகள் வாதாடி வந்தது. உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது. 2020இல் அந்தப் பிடிவாதத்தை விட்டது.

உறுப்பினர் பேசினால் சங்கமும் மாறும். சைக்கிள்காரருக்காகப் பேசுவதும் அப்படித்தான் தொடங்கும்.

ஆனால் சீர்திருத்தம் ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அல்ல. 2024 டிசம்பரில் எஃப்.ஐ.ஏ. பொதுக்குழு ருவாண்டா நாட்டில் கூடியது. அங்கே விதிகள் திருத்தப்பட்டன. பண விஷயங்களைத் தானாக விசாரிக்கும் அதிகாரத்தைத் தணிக்கைக் குழு இழந்தது. சில நாட்டுச் சங்கங்கள் எதிர்த்தன. ஆனால் பெரும்பான்மை வாக்கில் திருத்தம் நிறைவேறியது.

வடாலாவில் ஒரு கூட்டம்

லாரி டிரைவர் யோசித்தார். "எங்க டிரைவர் சங்கத்துலயும் விபத்து உதவின்னு மாசம் இருபது ரூபா வாங்குறாங்க. வருசக் கூட்டத்துல ஒரு தாளை நீட்டுவாங்க. நான் கைநாட்டு வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவேன். அந்தத் தாள்ல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரை தெரியாது."

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். வழக்கம்போல் தாள் வந்தது. அவர் கைநாட்டு வைக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் நகரவில்லை.

"பொருளாளர் ஐயா, வரவு எழுதியிருக்கு. விபத்து உதவின்னு செலவும் எழுதியிருக்கு. யாருக்குக் கொடுத்தோம்னு எழுதலையே?"

பொருளாளர் முகம் மாறியது. "இத்தனை வருசமா யாரும் கேட்டதில்லை" என்றார். "ரசீதுகளைத் தேடி அடுத்த மாசம் காட்டுறேன்."

"சரிங்க. அடுத்த மாசம் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. எல்லாரும் கேட்போம். இன்னொண்ணு. ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறவரைத் தூக்கினா கேசு வராதுன்னு நம்ம போர்டுல எழுதிப் போடணும். பயந்துக்கிட்டுப் போனவன் சொல்றேன்."

கணக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஆனால் அன்று மாலையே போர்டில் 108, 112 என்ற எண்கள் ஏறின. இட்லிக்காரர் கட்டுப்போட்ட காலோடு வீட்டில் இருக்கிறார். போலீஸ் புகாரின் நகலை அவர் மனைவி வாங்கிவிட்டார். இழப்பீட்டு விண்ணப்பத்தைப் படிப்பு வட்டத்தில் உட்கார்ந்து அவரே நிரப்பினார். கடைசி வரியில் கைநாட்டு இல்லை. கையெழுத்து.

புதிய சொற்கள்

தணிக்கை – கணக்கு சரியா என்று பார்ப்பது.
பொதுக்குழு – உறுப்பினர்கள் கூடி முடிவு செய்யும் கூட்டம்.
இழப்பீடு – இழப்புக்காகக் கொடுக்கும் பணம்.

கலந்து பேசுவோம்

1. லாரி டிரைவர் முதலில் ஏன் வண்டியை நிறுத்தவில்லை? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
2. 34,299இலிருந்து 3,409ஐக் கழியுங்கள். எத்தனை வாக்குகள் பொய்?
3. நீங்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள்? அதன் கணக்கைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்?
4. உங்கள் தெருவில் சாலையைக் கடக்க ஆபத்தான இடம் எது? அதைப் பற்றி வார்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.